இடித்தவன் ஒருவன், கட்டுபவன் ஒருவன்

பிறர் செய்த குற்றத்துக்காக ஒருவன் பணம் கட்டலாமா? கட்டலாகாது என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். அப்படியாயின், யாருமே குற்றம் செய்யாமல் வந்த நஷ்டத்தை, அல்லது குற்றம் செய்தவன் ஓடி மறைந்துவிட்ட நஷ்டத்தை, யார் தலையில் வைப்பது? இந்த இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. மோட்டார் காப்புறுதியைப் புதுப்பிக்கும் காலத்தில் நம் வணிகப் பெருமக்களில் சிலர் ஒவ்வோராண்டும் இக்கேள்வியோடுதான் வீடு திரும்புகிறார்கள். ஆகவே அதை நம்மால் இயன்ற அளவு ஆராயப் புகுகிறோம். நாம் ஆலிமும் அல்லோம், வழக்கறிஞரும் அல்லோம். மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் படித்ததும், பல ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்து கற்றதுமே நம் கைம்முதல். பிழை கண்டால் அறிந்தோர் திருத்துக.

நடந்ததை முதலில் சொல்வோம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், ஓர் இரவு உறவினர் வீட்டு விருந்துக்காகப் பிரிக்பீல்ட்ஸ் வந்தார். தெருவோரம் முறையாகக் கோட்டுக்குள் காரை நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பின்கதவும் அதையடுத்த தகடும் நசுங்கிக் கிடந்தன. இடித்தவன் ஒரு துண்டுச் சீட்டுக்கூட வைக்கவில்லை. அன்பர் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார். பட்டறைக்காரர் சொன்ன செலவு 4,800 வெள்ளி. தம் காப்புறுதியில் கோரி வண்டியைச் சீர் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு புதுப்பிக்கப் போனபோது, முன்பு 900 வெள்ளி கட்டியவரிடம் 2,000 வெள்ளி கேட்டார்கள்.

ஏஜெண்டும் தமிழர்தாம். இருவருக்கும் நடந்த பேச்சை அன்பரே நமக்குச் சொன்னார்.

"தம்பி, நிறுத்தி வைத்த வண்டி. நான் உள்ளேகூட இல்லை. இதில் என் குற்றம் என்ன?"

"பாய், உங்கள் குற்றம் என்று யார் சொன்னது? கழிவின் பெயரைப் பாருங்கள். கோரிக்கை இல்லாததற்குக் கழிவு. நீங்கள் கோரினீர்கள். அவ்வளவுதான்."

அந்தத் தம்பி சொன்னது முற்றிலும் உண்மை. என்.சி.டி. என்று நாம் அழைக்கும் அந்தக் கழிவு, இந்நாட்டில் சொந்தக் கார்களுக்கு ஓராண்டு கோராதிருந்தால் 25 விழுக்காடு, அடுத்து 30, பின்பு 38.33, பின்பு 45, ஐந்தாண்டு நிறைந்தால் 55 என்று படிப்படியாக ஏறும். வேன், லாரி போன்ற வணிக வாகனங்களுக்கு உச்சமே 25 தான். ஏறுவதற்கு ஐந்து படி; இறங்குவதற்கு ஒரே படி. தம் வண்டியின் சேதத்துக்காகத் தம் காப்புறுதியில் ஒரு முறை கோரினால், கழிவு முழுவதும் போய்ச் சுழியிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் கடைக்காரர்கள், கணக்குப் போடாமல் விடுவோமா? அடிப்படைத் தொகை மாறாமல் 2,000 வெள்ளியாகவே இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரியும் முத்திரைக் கட்டணமும் தனி. முதல் ஆண்டு அவர் கூடுதலாகக் கட்டுவது 1,100. இரண்டாம் ஆண்டு 600. மூன்றாம் ஆண்டு 500. நான்காம் ஆண்டு 333 வெள்ளி 33 காசு. ஐந்தாம் ஆண்டு 200. ஆறாம் ஆண்டில்தான் பழைய 900க்கு வந்து சேர்வார். ஆகக் கூடுதல் 2,733 வெள்ளி 33 காசு. கம்பெனி கொடுத்த 4,800ல் பாதிக்கு மேல் அவர் கையிலிருந்தே திரும்பிப் போய்விடுகிறது. பழுது 2,700 வெள்ளிக்குள் இருந்திருந்தால், கோராமல் வாயை மூடிக்கொண்டு கைப்பணத்தைப் போட்டுச் செய்வதே லாபம். காப்புறுதி எடுத்தவன் கேட்க அஞ்சும்படி ஒரு காப்புறுதி!

நியாயமாகப் பேசுவதானால், குற்றமற்றவனுக்கு வழியே இல்லை என்று சொல்லக் கூடாது. இடித்தவன் யாரென்று தெரிந்து, தவறு அவனுடையதென்று போலீஸ் விசாரணையில் முடிவாகி, அவன் வண்டிக்கும் காப்புறுதி இருந்தால், 'நாக் ஃபார் நாக்' என்ற ஏற்பாட்டின்படி நம் கம்பெனியிலேயே நாம் கோரலாம், கழிவு போகாது. இதை அறியாமல், எதிரி கம்பெனியின் பின்னால் அலைந்தவர்களும், கழிவு போய்விடும் என்று பயந்து சொந்தப் பணத்தைச் செலவிட்டவர்களும் நம்மில் உண்டு. அறிந்துகொள்க. ஆனால் இடித்தவன் முகம் தெரியாவிட்டால் இவ்வழி அடைபடும். வண்டி களவு போனாலும் அவ்வாறே. வெள்ளம் வந்தாலும் அவ்வாறே.

வெள்ளத்தைச் சற்று நின்று பார்ப்போம். 2021 டிசம்பர் 18ந் தேதி பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பகுதிகளிலும் வண்டிகள் கூரைவரை மூழ்கியதை நாம் கண்ணாரக் கண்டோம். சாதாரணக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொண்டவர்களுக்கும் பொது விதி என்ன? கோரினால் கழிவு போகும். சில நிறுவனங்கள் இப்போது இதற்கு விலக்கு அளிக்கின்றன. கழிவு போனால் ஈடு கொடுப்பதற்கென்று இன்னொரு சேர்க்கையும் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த மழையில் எந்த ஓட்டுநர் தவறு செய்தார்? வானம் பெய்தது. ஆறு பெருகியது. இங்கே ஓடி மறைந்த குற்றவாளிகூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், முன்கண்ணாடிக்கு மட்டும் வேறு நியாயம். அதற்கென்று தனிச் சேர்க்கை வாங்கியிருந்தால், லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தாலும் கோரலாம். கழிவுக்கு ஒரு குறையும் வராது. தெறித்த கல்லுக்கும் பெருகிய ஆற்றுக்கும் ஒழுக்க நூலில் என்ன வேற்றுமை? ஒன்றுமில்லை. ஆகவே இந்த விதி மனிதர் அமர்ந்து எழுதிக்கொண்ட ஒப்பந்தமே. மனிதர் எழுதியதை மனிதர் ஆராயலாம்.

கம்பெனியின் தரப்பில் இரண்டு வாதங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, "இது தண்டனை அல்ல; முழு விலை 2,000. நாங்கள் அன்பளிப்பாகக் கழித்துக் கொடுத்தோம். இப்போது அன்பளிப்பை நிறுத்துகிறோம்" என்பது. இந்த வாதத்தை வேறு யாரிடமாவது சொல்லலாம், மஸ்ஜித் இந்தியா வணிகர்களிடம் சொல்லக் கூடாது. பெருநாள் சமயத்தில் விலைச்சீட்டில் 200 என்று எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்து, 90 என்று விற்கும் துணியின் உண்மை விலை எது என்று நமக்குத் தெரியாதா? தவறாமல் கட்டிவரும் பழைய வாடிக்கைக்காரர்களெல்லாம் 900 கட்டும்போது, 900 தான் விலை. 2,000 கேட்பது விலையேற்றம்தான்.

இரண்டாவது வாதம் கனமானது. அதை அலட்சியமாகத் தள்ளலாகாது. "நாங்கள் உங்களைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வருங்காலத்தை மதிப்பிடுகிறோம். நெரிசலான தெருவில் இரவு வண்டி நிறுத்துபவருக்கு மறுபடியும் இடி விழலாம். தாழ்வான இடத்தில் குடியிருப்பவருக்கு மறுபடியும் வெள்ளம் வரலாம். அந்த அபாயத்துக்குரிய விலையைக் கேட்கிறோம்" என்கிறார்கள். 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து பேங்க் நெகாராவின் ஏற்பாட்டின்படி முழுக் காப்புறுதியின் விலையை ஒவ்வொரு கம்பெனியும் தானே மதிப்பிடலாம் என்று ஆனபிறகு, ஓட்டுபவர் வயது, வண்டியின் வகை, அது இருக்கும் வட்டாரம், முந்திய கோரிக்கைகள் என்று பலவற்றையும் பார்க்க வழி ஏற்பட்டது. மழை வரும்போல் இருக்கிறது என்பதால் குடைக்காரன் அதிகமாகக் குடை வாங்கி வைப்பதில்லையா? அதுபோல என்க.

இதற்கு நம் மறுமொழி யாதெனில், தெருவில்தான் அபாயம் என்றால் அந்தத் தெருவில் நிறுத்தும் எல்லோரிடமும் கேட்க வேண்டும். அன்றிரவு அன்பரின் காருக்கு முன்னும் பின்னும் வேறு கார்கள் நின்றன. அவற்றுக்கும் அதே தெரு, அதே இருட்டு, அதே அபாயம். சீட்டுக் குலுக்கியதில் நடுவில் நின்ற காருக்கு விழுந்தது. முன் காருக்காரர் இன்றும் 900 கட்டுகிறார். அபாயத்துக்கு விலை என்று சொல்லிவிட்டு, அபாயத்தில் அகப்பட்டவனிடம் மட்டும் வாங்குவது எப்படி அபாயத்தின் விலையாகும்? அது அகப்பட்டதன் விலை.

"யார் எந்தத் தெருவில் நிறுத்துகிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கோரிக்கை ஒன்றுதான் எங்களுக்குக் கிடைக்கும் அடையாளம்" என்று கம்பெனி சொல்லலாம். உண்மைதான். ஆயிரக்கணக்கானவர்களை அவர்கள் முகம் பார்த்து அறிய முடியாது. ஆனால் அறியாமை கம்பெனியுடையது. அதன் விலையை மட்டும் இடிபட்டவன் கட்டுகிறான். இந்த இடத்தை அன்பர்கள் குறித்துக்கொள்க. பின்னால் நம் கடைக்கு வரும்போது இது தேவைப்படும்.

உலகில் வேறு விதமாகச் செய்தோரும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில மக்கள் 1988 நவம்பரில் 103ஆம் பிரேரணை என்ற ஒன்றை வாக்களித்து நிறைவேற்றினார்கள். மோட்டார்க் காப்புறுதியின் விலையை முதற்கண் ஒருவர் ஓட்டிய ஒழுங்கை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது அதன் கரு. விபத்தில் பெரும்பங்கு தவறு தன்னுடையதல்லாத ஓட்டுநரிடம், அந்த விபத்தைக் காட்டி விலை ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி. அங்கே கம்பெனிகள் மூடிப் போகவில்லை. நம் தமிழ்நாட்டிலோ இங்குள்ளது போன்ற படிக்கட்டுதான். 20ல் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும், சொந்த வண்டிச் சேதத்துக்குக் கோரினால் சரியும்.

நிற்க. நம் முன்னோர் கடலோடிகள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் வைத்து வாணிகம் செய்தவர்கள். கப்பலில் ஒரு பழைய நியாயம் உண்டு. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், எறியப்பட்ட சரக்கின் நஷ்டத்தை, தப்பிய சரக்குக்காரர்கள் எல்லோரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாலிக்கீ மத்ஹபின் நூல்களில் இது பேசப்படுகிறது, ரோமரிடமும் இருந்தது. இன்றும் 'ஜெனரல் ஆவரேஜ்' என்ற பெயரில் உயிரோடிருக்கிறது. போர்ட் கிள்ளானில் சரக்கு இறக்கும் அன்பர்களுக்கு இது புதிதன்று. 2021 மார்ச் 23ந் தேதி 'எவர் கிவன்' என்ற பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் கிடந்ததே, அதன்பின் கப்பல்காரர் இந்த விதியைத்தான் அறிவித்தார். அக்கப்பலில் சரக்கு அனுப்பியிருந்தவர்கள், தாம் ஒரு தவறும் செய்யாதிருந்தும், பங்குக்குப் பிணை கொடுத்த பிறகே சரக்கை எடுக்க முடிந்தது.

இங்கேயும் குற்றமற்றவன் கட்டத்தான் கட்டுகிறான். ஆனால் எல்லோரும் கட்டுகிறார்கள்; சுமை மெலிந்து போகிறது. சரக்கைக் கடலுக்குக் கொடுத்தவனைப் பார்த்து, "உன் மூட்டைதான் போன பயணத்தில் எறியப்பட்டது, ஆகவே அடுத்த பயணத்துக்கு உனக்குக் கூலி இரட்டிப்பு" என்று எந்த மாலுமியும் கேட்டதாக நாம் அறியவில்லை.

மார்க்கத்தின் சட்டமோ இன்னும் நுட்பமானது. பாவம் வேறு, பொறுப்பு வேறு என்று பிரிக்கிறது. தூக்கத்தில் புரண்டு அடுத்தவன் பானையை உடைத்தவனுக்குப் பாவமில்லை; ஆனால் பானையின் விலையைக் கொடுக்க வேண்டும். இதையே 'ழமான்' என்கிறோம். அதே சட்டம், தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால், அதற்குரிய நஷ்ட ஈட்டைத் தவறியவன் ஒருவன் தலையில் கட்டாமல், 'ஆக்கிலா' எனப்படும் அவனுடைய உறவுக் கூட்டத்தார் பங்கிட்டுச் செலுத்தும்படி வைத்தது. தவறிச் செய்தவனுக்கே சுமையைப் பங்கிட்டுக் கொடுத்த மார்க்கம் இது. ஒன்றுமே செய்யாதவனைத் தனியே சுமக்கச் சொல்லுமா?

நம் ஆலிம்கள் பலர் வெகுகாலம் இன்ஷூரன்ஸ் என்ற சொல்லையே விரும்பவில்லை. டமாஸ்கஸ் நகரத்து இமாம் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) தம் காலத்துக் கப்பல் வணிகர்கள் ஐரோப்பியரிடம் செய்துகொண்ட 'ஸூகரா' என்ற காப்பு ஒப்பந்தத்தை ஆராய்ந்து, அதன்வழி ஈட்டுப்பணம் பெறுவது கூடாது என்றே எழுதினார். இந்நாட்டில் 1972ல் தேசிய ஃபத்வாக் குழு ஆயுள் காப்புறுதியைக் கூடாதென்றது. பிறகு 1984ல் தக்காஃபுல் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் பேரவை, வியாபார முறைக் காப்புறுதி கூடாது, 'தபர்ருஉ' என்னும் நன்கொடை அடிப்படையில் ஒருவருக்கொருவர் உதவும் முறை கூடும் என்று முடிவு செய்தது. இப்போது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தக்காஃபுல் நடக்கிறது. நம்மவர் பலர் இதில்தான் வண்டிக்குப் பதிவு செய்கிறார்கள்.

தக்காஃபுலிலும் அதே 25, 30, 38.33, 45, 55 தான். கோரினால் சுழிதான். அபாயத்துக்கேற்ப நன்கொடையின் அளவை வைப்பது கூடும் என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாம் அதை எதிர்த்து வாதாட வரவில்லை. ஒப்பந்தம் செல்லும். ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சில் இடறுகிறது. நாம் கொடுப்பது நன்கொடை. அது கஷ்டப்பட்டவனுக்குப் போகிறது. நல்லது. அந்தக் கஷ்டப்பட்டவனைப் பார்த்தே, "நீ கஷ்டப்பட்டாய், ஆகவே இவ்வாண்டு நீ மற்றவரைவிட இரண்டு பங்கு நன்கொடை கொடு" என்றால், அதில் நன்கொடையின் மணம் எங்கே? அத்ல் என்ற நீதிக்கு மேலே இஹ்ஸான் என்று ஒரு படி உண்டு என்று ஓதியிருக்கிறோம். பெயரிலேயே பரஸ்பர உதவியைத் தாங்கி நிற்கும் நிறுவனங்கள், வெள்ளத்தில் மூழ்கியவனுக்கும் முகம் தெரியாதவனால் இடிபட்டவனுக்குமாவது கழிவைக் காத்துக் கொடுத்தால், நிதியில் அப்படி என்ன குறைந்துவிடும்? எல்லோரும் ஆளுக்குச் சில வெள்ளி கூடக் கட்ட நேரலாம். நாம் கட்டத் தயார் என்று நம் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

கம்பெனியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். உண்மையில் முதல் கணக்கு யாருடன்? அன்றிரவு இடித்துவிட்டுப் போனானே, அவனுடன். அவன் நினைத்திருப்பான்: "தகடு கொஞ்சம் நசுங்கியது, காப்புறுதி பார்த்துக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை." இந்த எண்ணம் எத்தனை பேருக்கு இருக்கிறது! கார் நிறுத்துமிடத்தில் உரசிவிட்டு, இங்கும் அங்கும் பார்த்து, யாரும் காணவில்லை என்று தெரிந்ததும் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் தொழுகையாளிகளிலும் இருக்கக் கூடும். அவர்கள் எடுத்துக்கொண்டு போவது மேலே கணக்குப் போட்டுக் காட்டிய 2,733 வெள்ளி. அது அடுத்தவன் ஐந்தாண்டு ஒழுங்காக ஓட்டிச் சேர்த்தது. அடியானுக்கு அடியான் செலுத்த வேண்டிய ஹக்கு, தவ்பாச் செய்வதனால் மட்டும் தீராது. உரியவனிடம் சேர்க்க வேண்டும் அல்லது அவன் மன்னிக்க வேண்டும் என்று மதரஸாவின் சின்ன வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கண்ணாடித் துடைப்பானில் செருக எவ்வளவு நேரம் ஆகும்? ஆள் தெரிந்துவிட்டால் 'நாக் ஃபார் நாக்' வழி திறக்கும். இடிபட்டவனுடைய கழிவு பிழைக்கும். அந்தச் சீட்டின் மதிப்பு அவ்வளவு.

இன்னொரு கேடும் இந்த விதியால் விளைகிறது. உண்மை சொன்னால் நஷ்டம், பொய் சொன்னால் லாபம் என்று ஒரு விதி அமைந்துவிட்டால், பலவீனமானவன் வழுக்கி விழுவான். தூணில் மோதிவிட்டு, "நண்பன் கார் பின்னால் வந்து இடித்தது" என்று இருவருமாகக் கதை கட்டிப் புகார் எழுதுவதும் உண்டு என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். விதி கடுமையாக இருக்கிறது என்பது பொய்ப் புகாருக்குச் சாக்காகாது. அந்தப் பொய்யின் செலவும் மற்ற எல்லோருடைய சந்தாவிலும்தான் ஏறும். அதாவது, குற்றமற்றவன் கட்டுகிறான் என்று குறைப்பட்டுக்கொண்டே இன்னும் ஆயிரம் குற்றமற்றவர்களைக் கட்ட வைக்கிறான்.

இப்போது கடைக்கு வருவோம். கம்பெனி செய்வதை நம் வணிகரில் சிலர் செய்யவில்லையா? 2021 வெள்ளத்தில் சரக்கெல்லாம் நனைந்துபோன ஒரு சில்லறைக் கடைக்காரர், பத்தாண்டு வாடிக்கைக்காரர், மறுமாதம் வந்து நின்றால், "இனிமேல் ரொக்கம்தான்" என்று சொன்ன மொத்த வியாபாரிகள் உண்டு. ரொக்கம் என்றாலாவது பரவாயில்லை. கடனுக்கு என்றால் மூட்டைக்கு இரண்டு வெள்ளி கூட என்று விலையை ஏற்றியவர்களும் உண்டு. காரணம் கேட்டால், "ஒரு முறை விழுந்தவன், இன்னொரு முறையும் விழலாம்." கம்பெனியின் வாதம் எழுத்துப் பிசகாமல் இதுதானே! 2024 ஆகஸ்ட் 23ந் தேதி ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி ஒரு பெண்மணி குழிக்குள் போன துயரத்துக்குப் பின், அந்தத் தெருவுக்கு ஆட்கள் வர அஞ்சினார்கள். கடைகளில் வியாபாரம் படுத்தது. அச்சமயம் சரக்குக் கொடுப்பவர்கள் எல்லோரும் "அது ஆபத்தான தெரு, விலை கூட" என்று சொல்லியிருந்தால் நாம் எப்படிக் கூக்குரல் இட்டிருப்போம்?

கடைக்காரனுக்கும் கம்பெனிக்கும் வேற்றுமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கம்பெனியிடம் லட்சம் பேர் பணம் சேர்ந்து கிடக்கிறது. ஒருவன் விழுந்தால் தாங்கும். நம் முதல் சிறியது. இரண்டு பெரிய கடன் நின்றுபோனால் நாமும் கடையை அடைக்க வேண்டியதுதான். ஆகவே நஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கும் சரக்கின் அளவைக் குறைப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறோம். நூறு மூட்டை கொடுத்த இடத்தில் முப்பது கொடுக்கலாம். ஆனால் விலையை ஏற்றுவது வேறு. அளவைக் குறைப்பது நம்மைக் காத்துக்கொள்வது. விலையை ஏற்றுவது அவன் விழுந்ததிலிருந்து நாம் சம்பாதிப்பது. இந்தக் கோட்டை நாம் இவ்விடத்தில் போடுகிறோம். வேறிடத்தில் போடுவோர் தம் காரணத்தை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிட ஆசிரியரைக் கேட்டுக்கொள்வோம்.

மேலே குறித்துக்கொள்ளச் சொன்னது இங்கேதான் தேவைப்படுகிறது. கம்பெனிக்கு ஆள் தெரியாது. கோரிக்கை ஒன்றே அதற்கு அடையாளம். நமக்கோ ஆள் தெரியும். அவன் தகப்பனைத் தெரியும், பத்தாண்டுக் கணக்கைத் தெரியும், வெள்ளம் எந்தத் தேதியில் எத்தனை அடி வந்தது என்பதும் தெரியும். முகம் தெரியாதவன் சொல்லும் சாக்கை முகம் தெரிந்தவன் எப்படிச் சொல்வது? கல்லாவில் நூறு வெள்ளி குறைந்தால், எடுத்தவன் யாரென்று விசாரிக்காமல் கடையிலுள்ள நான்கு பையன்கள் சம்பளத்திலும் இருபத்தைந்து பிடிப்பதும் இந்த வகைதான். அதில் மூன்று பையன்கள், பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தி வைத்த கார்கள்.

இனி, செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி நிறுத்துவோம். குற்றமில்லாமல் கழிவை இழந்த உறுப்பினர்களுக்கு, முக்கியமாக ஒரே ஒரு வேனை வைத்துப் பிழைப்பு நடத்தும் சிறு வணிகர்களுக்கு, சங்கத்தில் ஒரு பெட்டி வைக்கலாம் என்று சில அன்பர்கள் பேசிவருகிறார்கள். இதைக் காப்புறுதியாக நடத்த முடியாது. அதற்கு உரிமம் வேண்டும், சட்டம் இருக்கிறது. கர்ழன் ஹஸனாவாக, வட்டியில்லா அழகிய கடனாக, முதல் ஆண்டில் கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகையைக் கொடுத்து, ஐந்தாண்டில் கழிவு ஏற ஏறத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர், "கம்பெனியிடம் பொய் சொல்கிறவன் பெட்டியிடமும் சொல்ல மாட்டானா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போலீஸ் புகாரின் நகலோடு, அதே தெருவில் கடை வைத்திருக்கும் மூவர் கையெழுத்தும் வேண்டும் என்று வைத்தால் போதும் என்பது நம் எண்ணம். தெருவுக்குத் தெரியாத விபத்து இல்லை. பெரியவரும் அரை மனத்தோடு ஒப்புக்கொண்டார். பெட்டியைக் கிள்ளானில் வைப்பதா பிரிக்பீல்ட்ஸில் வைப்பதா என்பதில் மட்டும் இரு ஊரார்க்கும் இன்னும் ஒத்துவரவில்லை.